குக்கியின் கதை

மேசைக் கணிப்பொறியில் ஒரு வலைத்தளம் திடீரென்று சண்டித்தனம் செய்கிறது. சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் உள்ளே விட மறுக்கிறது. அல்லது உள்ளே விட்ட மறுகணமே வாயிலுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. விவரம் அறிந்த ஒருவரைக் கேட்டால், "உலவியின் அமைப்புகளுக்குப் போய்க் குக்கிகளை அழித்துவிட்டுப் பாருங்கள்" என்பார். அவ்வாறே செய்தால், பல வேளைகளில் கோளாறு நீங்கிவிடுகிறது.

குக்கி என்பது என்ன? அதை அழித்தால் கோளாறு தீர்வது எப்படி? குக்கியை ஏற்பதா, மறுப்பதா என்று கேட்கும் ஒரு பகுதி உலவிகளின் அமைப்புகளில் இருப்பது ஏன்? அந்தப் பகுதியில் எந்த வரி முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதைப் பற்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. அதன் வரலாற்றை இங்கே காண்போம்.

ஞாபகசக்தி இல்லாத வலை

வைய விரிவு வலையை உருவாக்கியவர் டிம் பெர்னர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர். ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள 'செர்ன்' அணுத்துகள் ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்த அவர், 1989-இல் இதற்கான திட்டத்தை எழுதினார். 1990-இன் இறுதியில் முதல் உலவியும் முதல் வழங்கியும் இயங்கத் தொடங்கின. உலவி என்பது நம் கணிப்பொறியில் இருந்துகொண்டு பக்கங்களைக் கேட்டு வாங்கிக் காட்டும் நிரல். வழங்கி என்பது, கேட்ட பக்கத்தைத் தொலைவிலிருந்து அனுப்பிவைக்கும் கணிப்பொறி.

இவை இரண்டும் பேசிக்கொள்ளும் முறையைப் பெர்னர்ஸ்-லீ மிகவும் எளிமையாக அமைத்தார். உலவி ஒரு பக்கத்தைக் கேட்கும். வழங்கி அதைக் கொடுக்கும். அத்தோடு உறவு முடிந்தது. அடுத்த நொடியில் அதே உலவி மறுபடியும் வந்தால், வழங்கிக்கு அது முன்பின் அறியாத ஆள்தான். விஞ்ஞானிகள் ஆய்வுக் கட்டுரைகளைப் பகிர்ந்துகொள்வதற்கு இதுவே போதுமானதாக இருந்தது. யாரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய சுமை இல்லாததால், வழங்கியும் இலகுவாக இயங்கியது.

ஆனால், வலையில் கடை வைக்க விரும்பியவர்களுக்கு இந்த மறதி பெரும் இடையூறாயிற்று. வாடிக்கையாளர் ஒரு புத்தகத்தைக் கூடையில் போடுகிறார். அடுத்த பக்கத்திற்குப் போய் இன்னொன்றை எடுக்கிறார். அதற்குள் கடைக்காரர் முதல் புத்தகத்தையும் மறந்துவிடுகிறார், ஆளையும் மறந்துவிடுகிறார் என்றால் வியாபாரம் நடப்பது எங்ஙனம்?

மாண்டுல்லியின் சீட்டு

1994-ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில் நெட்ஸ்கேப் நிறுவனம் புதிய உலவி ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய இளைஞர்களுள் லூ மாண்டுல்லியும் ஒருவர். கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் 'லிங்க்ஸ்' என்னும், எழுத்துகளை மட்டும் காட்டும் உலவியை உருவாக்கியவர்களில் ஒருவர் இவர். எம்.சி.ஐ. என்னும் தொலைத்தொடர்பு நிறுவனம் வலையில் ஒரு கடையைத் திறக்க எண்ணி நெட்ஸ்கேப்பை அணுகியிருந்தது. அரைகுறையாக நிற்கும் வியாபார விவரங்களைத் தன் வழங்கிகளில் சேர்த்து வைக்க அந்நிறுவனம் விரும்பவில்லை. அவற்றை வாடிக்கையாளரின் கணிப்பொறியிலேயே வைக்க முடியுமா என்பதே கேள்வி.

ஒவ்வோர் உலவிக்கும் நிரந்தரமான ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது மிகச் சுலபமான வழி. ஆனால், அந்த எண்ணைக் கொண்டு எந்தத் தளமும் ஒரு மனிதர் போகுமிடமெல்லாம் அவரைப் பின்தொடர முடியும். ஆகவே மாண்டுல்லி அந்த வழியைக் கைவிட்டார். அதற்கு மாறாக, ஒவ்வொரு தளமும் தனித்தனிச் சீட்டு கொடுக்கட்டும், அந்தச் சீட்டு கொடுத்த தளத்திற்கு மட்டுமே திரும்பிப் போகட்டும் என்று விதித்தார்.

இரயில் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வண்டியை விடும்போது ஓர் எண் பொறித்த டோக்கனைத் தருகிறார்கள். அந்த எண்ணால் நமக்கு வேறு பயன் ஏதும் இல்லை. ஆனால், மாலையில் அதை நீட்டியதும் காவலாளி நம் சைக்கிளை அடையாளம் கண்டுகொள்கிறார். நம் முகம் அவருக்கு நினைவிருக்க வேண்டியதில்லை. ஒரு நிரல் கொடுத்து, பின்னர் மாற்றமின்றி அப்படியே திரும்பப் பெறும் இத்தகைய துண்டுச் செய்தியை 'மந்திர குக்கி' என்று கணிப்பொறியாளர்கள் முன்பே அழைத்து வந்தனர். குக்கி என்றால் அமெரிக்கர்களின் பேச்சில் பிஸ்கட். மாண்டுல்லி அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டார்.

1994 அக்டோபர் 13-ஆம் நாள் வெளியான நெட்ஸ்கேப்பின் சோதனைப் பதிப்பில் குக்கி இடம்பெற்றது. நெட்ஸ்கேப்பின் சொந்தத் தளத்திற்கு வருபவர் முன்பே வந்தவர்தானா என்று அறிவதுதான் அதன் முதல் வேலை. குக்கி ஒரு நிரல் அன்று. வெறும் எழுத்துத் துண்டு. ஒரு பெயர், ஒரு மதிப்பு, காலாவதியாகும் நாள், எந்தத் தளத்திற்கு உரியது என்ற குறிப்பு ஆகியவையே அதில் அடங்கும். ஒரு குக்கி 4 கிலோபைட்டுக்கு மேற்படக் கூடாது, ஒரு தளத்திற்கு 20, மொத்தம் 300 என்று நெட்ஸ்கேப் வரம்பு கட்டியது.

அழித்தால் கோளாறு தீர்வது ஏன்?

டோக்கன் நம் கையில் இருக்கிறது. அதற்குரிய பதிவேடு காவலாளியிடம் இருக்கிறது. இரண்டும் பொருந்தினால்தான் சைக்கிள் கிடைக்கும். காவலாளி புதுப் பதிவேடு போட்டுவிட்ட பிறகு நாம் பழைய டோக்கனையே நீட்டிக்கொண்டிருந்தால் வாக்குவாதம்தான் மிஞ்சும்.

வலைத்தளத்திலும் இதுவே நிகழ்கிறது. தளத்தைத் திருத்தியமைக்கிறார்கள், வழங்கியிலுள்ள பதிவு மாறிவிடுகிறது. நம் உலவியோ பழைய குக்கியையே அனுப்புகிறது. சரிவர எழுதப்படாத தளம் இந்த முரண்பாட்டில் சிக்கி, நம்மை வாயிலுக்கும் உள்ளுக்குமாக அலைக்கழிக்கிறது. இன்னொரு வகையும் உண்டு. ஒரே தளத்தின் குக்கிகள் மேன்மேலும் சேர்ந்து கனத்துவிட்டால், வேண்டுகோள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது என்று வழங்கி அதை ஏற்க மறுக்கும். இரு வகைக் கோளாறுக்கும் பழைய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுச் சீட்டு வாங்குவதே தீர்வாகும்.

இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. எல்லாக் குக்கிகளையும் மறுக்கும்படி உலவியை அமைத்துவிட்டால், 1990-இல் இருந்த மறதி வலை திரும்பிவிடும். எத்தனை முறை கடவுச்சொல்லைக் கொடுத்தாலும் தளம் நம்மை அறிந்துகொள்ளாது.

ஆகவே எடுத்த எடுப்பில் எல்லாவற்றையும் அழிப்பது சரியன்று. பிற தளங்களிலிருந்தும் நாம் வெளியேற்றப்படுவோம். முதலில் அத்தளத்தைத் தனிச் சாளரத்தில் திறந்து பார்க்கலாம். ஆப்பிள் நிறுவனத்தின் சபாரி உலவி 2005-இல் அறிமுகப்படுத்திய வசதி இது. பின்னர் மற்ற உலவிகளும் இதை ஏற்றன. இன்றைய உலவிகளில் தனிச் சாளரம் பழைய குக்கிகளைப் பயன்படுத்துவதில்லை. அதில் தளம் ஒழுங்காக வேலை செய்தால், குற்றம் பெரும்பாலும் நம் உலவி சேர்த்து வைத்த பொருள்களிலோ துணை நிரல்களிலோ இருக்கிறது என்று கொள்ளலாம். பின்னர் அந்த ஒரு தளத்தின் குக்கிகளை மட்டும் அழித்தால் போதும்.

மூன்றாம் ஆள் நுழைகிறான்

மாண்டுல்லியின் விதியில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு வலைப்பக்கம் முழுவதும் ஒரே வழங்கியிலிருந்து வர வேண்டும் என்பதில்லை. எழுத்து ஓரிடத்திலிருந்தும், படங்கள் வேறிடத்திலிருந்தும் வரலாம். படத்தை அனுப்பும் வழங்கியும் தன் பங்குக்கு ஒரு குக்கியைக் கொடுக்கலாம்.

1996-இல் தொடங்கப்பெற்ற டபுள்கிளிக் போன்ற விளம்பர நிறுவனங்கள் இதைப் பயன்படுத்திக்கொண்டன. கடைவீதி முழுவதும் ஒவ்வொரு கடை வாயிலிலும் ஒரே விளம்பரக் கம்பெனியின் ஆட்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதற்கடையில் நம் சட்டையில் ஓர் எண்ணை ஒட்டிவிடுகிறார்கள். நாம் எந்தக் கடைக்குப் போனாலும் அங்கே நிற்பவர் எண்ணைப் பார்த்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார். மாலைக்குள் மருந்துக் கடை, நகைக் கடை, வேலைவாய்ப்பு நிலையம் என்று நாம் சென்ற இடங்கள் அனைத்தும் ஒரே ஏட்டில் சேர்ந்துவிடுகின்றன. மாண்டுல்லி வேண்டாம் என்று ஒதுக்கிய நிரந்தர எண், பின்வாசல் வழியே உள்ளே வந்துவிட்டது. இத்தகைய சீட்டுக்கு 'மூன்றாம் தரப்புக் குக்கி' என்று பெயர்.

பொதுமக்களுக்கு இது ஒன்றும் தெரியாது. 1996 பிப்ரவரி 12-ஆம் நாள் லண்டனின் பைனான்ஷியல் டைம்ஸ் நாளிதழ் குக்கியைப் பற்றி எழுதிய பிறகுதான் விஷயம் வெளியே பரவியது.

ஏட்டில் நின்ற விதி

இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் பொறியியலாளர் அமைப்பு முன்பே இவ்விஷயத்தைக் கையில் எடுத்திருந்தது. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டேவிட் கிரிஸ்டலும் மாண்டுல்லியும் சேர்ந்து எழுதிய விதிநூல் 1997 பிப்ரவரியில் வெளியாயிற்று. மூன்றாம் தரப்புக் குக்கிகளை உலவிகள் ஏற்கக் கூடாது, பயனர் விரும்பி அனுமதிக்கும் வசதி இருந்தாலும் அது தொடக்கத்தில் மூடியே இருக்க வேண்டும் என்று அந்நூல் கூறியது.

விளம்பர நிறுவனங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. நெட்ஸ்கேப்பும் மைக்ரோசாப்ட்டும் இந்த விதியைப் பின்பற்றவில்லை. விதிநூலின் ஆசிரியர்களில் ஒருவர் பணிபுரிந்த நிறுவனமே அதைப் பின்பற்றவில்லை என்பது வேடிக்கை. மாண்டுல்லி பிற்காலத்தில் இதற்குக் காரணம் கூறினார். மூன்றாம் தரப்புக் குக்கிகளை அடைத்துவிட்டால் விளம்பரக்காரர்கள் வேறு மறைவான வழியைத் தேடுவார்கள். குக்கியையாவது பயனர் பார்க்கலாம், அழிக்கலாம். மறைவான வழியை அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பது அவர் வாதம். இதை எளிதில் தள்ளிவிட முடியாது என்பதைப் பின்னர் காண்போம்.

அமைப்புகள் பெருகின

விதிக்குப் பதிலாக மக்களுக்குக் கிடைத்தவை அமைப்புகள். நெட்ஸ்கேப்பின் மூன்றாம் பதிப்பில், குக்கியை ஏற்பதற்குமுன் எச்சரிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம். 1997-இல் வந்த நான்காம் பதிப்பில் எல்லாவற்றையும் ஏற்பது, கொடுத்த தளத்திற்கே திரும்பிச் செல்பவற்றை மட்டும் ஏற்பது, முற்றும் மறுப்பது என்று மூன்று வழிகளும், முன்கூட்டி எச்சரிக்கும் வசதியும் இருந்தன. எச்சரிக்கையைத் தேர்ந்தெடுத்தவர்கள் குக்கிதோறும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிச் சலித்துப்போனார்கள். பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. அங்கே முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது, 'எல்லாவற்றையும் ஏற்பது'.

2001-இல் மைக்ரோசாப்ட்டின் ஆறாம் எக்ஸ்ப்ளோரர், மேலும் கீழும் நகர்த்தும் விசையொன்றை வைத்தது. தளங்கள் தம் தனியுரிமைக் கொள்கையைச் சுருக்கக் குறியீடுகளாக அறிவிக்கும். அதைப் படித்து உலவி தானே முடிவெடுக்கும் என்பது ஏற்பாடு. 2010-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 33,139 தளங்களின் குறியீடுகளைச் சோதித்ததில், 11,176 தளங்களின் குறியீடுகள் பிழையானவை என்று தெரிந்தது.

2011-இல் பயர்பாக்ஸ் உலவி 'என்னைப் பின்தொடராதே' என்ற அமைப்பைச் சேர்த்தது. இது எதையும் தடுக்காது. அவ்வாறு ஒரு வேண்டுகோளை அனுப்பும், அவ்வளவே. விளம்பர நிறுவனங்களில் பெரும்பாலானவை அதைப் பொருட்படுத்தவில்லை. 2025-இல் பயர்பாக்ஸே அந்த அமைப்பை நீக்கிவிட்டது.

இயல்பு நிலையின் வலிமை

தயாரிப்பாளர் முன்கூட்டியே வைத்துத் தரும் நிலையை 'இயல்பு நிலை' என்பர். அதை மாற்றும் உரிமை எல்லோருக்கும் உண்டு, மாற்றுபவர் சிலரே. ஆகவே, இயல்பு நிலையை வைப்பவரே பலகோடி மக்களுக்காக முடிவெடுக்கிறார்.

2003-இல் வெளிவந்த சபாரி இதை உணர்த்தியது. நாம் தேடிச் சென்ற தளத்தின் குக்கிகளை மட்டுமே ஏற்பது அதன் இயல்பு நிலை. இதன் மதிப்பு எத்தகையது என்பது 2012-இல் வெளிப்பட்டது. கூகுள் நிறுவனம் சபாரியின் தடையைச் சுற்றிக்கொண்டு போய்க் குக்கிகளை வைத்தது கண்டறியப்பட்டு, அமெரிக்க அரசின் வணிக ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி 2 கோடியே 25 இலட்சம் டாலர் அபராதம் செலுத்த நேர்ந்தது.

ஐரோப்பாவில் சட்டமும் இதே வழியில் சென்றது. முன்கூட்டியே குறியிட்டு வைத்த கட்டம் ஒருவருடைய சம்மதம் ஆகாது என்று 2019 அக்டோபர் 1-இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பயர்பாக்ஸ், பின்தொடரும் நிறுவனங்கள் எனப் பட்டியலிடப்பட்டவற்றின் மூன்றாம் தரப்புக் குக்கிகளைத் தடுப்பதை எல்லோருக்கும் இயல்பு நிலையாக்கியது. 2020 மார்ச்சில் சபாரி மூன்றாம் தரப்புக் குக்கிகளை முழுவதும் அடைத்தது. 1997-இன் ஏட்டு விதி இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, பரவலாகப் பயன்படும் ஓர் உலவியிலாவது முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

உலகில் மிகுதியாகப் பயன்படும் குரோம் உலவி வேறு வழி சென்றது. 2020 ஜனவரியில், இரண்டாண்டுகளில் இவற்றை ஒழிப்பதாகக் கூகுள் அறிவித்தது. பின்பு தவணைமேல் தவணை சொல்லிற்று. 2024-இல் நூற்றில் ஒரு பங்கினரிடம் சோதித்தும் பார்த்தது. இறுதியில் 2025 ஏப்ரலில், முன்பிருந்த நிலையே தொடரும் என்று கூறிவிட்டது. விளம்பரமே அந்நிறுவனத்தின் பெரும் வருவாய் என்பதும், டபுள்கிளிக்கை அது 2008-இல் வாங்கிவிட்டது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கவை.

மாண்டுல்லியின் எச்சரிக்கையும் பொய்க்கவில்லை. 2010-இல் அமெரிக்காவின் மின்னணு எல்லை அறநிறுவனம் ஒரு சோதனை நடத்தியது. எழுத்துரு வகைகள், திரையின் அளவு, துணை நிரல்கள் முதலிய அமைப்புகளைக் கொண்டே, குக்கி இன்றி, ஓர் உலவியை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய முடியுமா என்பது கேள்வி. சோதித்த சுமார் 4,70,000 உலவிகளில் நூற்றுக்கு 83 பங்குக்கு மேற்பட்டவை தனித்தன்மை உடையனவாக இருந்தன. விரல் ரேகையைப் போன்ற இதனை அழிக்க முடியாது. உலவியை நம் விருப்பப்படி மாற்றி அமைக்க அமைக்க, அந்த ரேகை மேலும் தெளிவாகிவிடுவதும் உண்டு.

எனவே அடுத்த முறை கோளாறு தீர்க்க உலவியின் அமைப்புகளைத் திறக்கும்போது, குக்கிகளை அழித்ததோடு மூடிவிட வேண்டாம். மூன்றாம் தரப்புக் குக்கிகளுக்கு எதிரே எந்த வரி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு நிமிடம் பார்க்கலாம். அவற்றைத் தடுத்த பின்னும் நாம் வழக்கமாகச் செல்லும் தளங்களில் பெரும்பாலானவை முன்போலவே இயங்கும். இயங்காத தளத்திற்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். அந்த வரியைத் தேர்ந்தெடுத்தது நாமா, வேறொருவரா என்று தெரிந்துகொள்ள ஆகும் செலவு அந்த ஒரு நிமிடந்தான்.