பொன்னியின் செல்வன்: உத்தம சோழர் முடிசூட்டலை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்தது. சோழர் வரலாற்றை இப்புதினத்தின் வழியாகவே இளமையில் அறிந்தோர் பலர். அதனை முதிர்ந்தபின் சான்றுகளோடு வைத்து வாசிக்கையில், கற்பனை எங்கே தொடங்குகிறது என்னும் வினா எழுகிறது. மணிரத்னத்தின் இருபாகத் திரைப்படம் (2022, 2023) அவ்வினாவைக் கூர்மையாக்குகிறது.

உத்தம சோழர், கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவியாருக்கும் மகன். சிற்றப்பனாகிய அவர் நாடாள விரும்பும்வரை அருண்மொழிவர்மர் அரசை விரும்பவில்லை என்று முதலாம் இராசேந்திரர் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுகிறது. கல்கி இதனைத் தியாகமாக விரிக்கிறார். ஆயின் பிள்ளை மாற்றம் ஒன்றைப் புகுத்தி, பூத்தொண்டு புரியும் சேந்தன் அமுதனையே உண்மையான உத்தம சோழராக்குகிறார். இம்மாற்றத்துக்குச் சான்றில்லை. திரைப்படமோ அதனை நீக்கி, அரியணைக்கு உரிமை கோரிய மதுராந்தகருக்கே முடிசூட்டுகிறது. மூலப் புதினத்திலிருந்து விலகும் இவ்விடத்திலேதான் படம் செப்பேட்டை நெருங்குகிறது.

இதனால் பொருளும் மாறுகிறது. புதினத்தில் முடி, பதவியாசையற்ற அடியவரைச் சேர்கிறது. அதுவே தியாகத்துக்கு அறச்சாயல் தருகிறது. படத்தில் முடி போட்டியாளரைச் சேர்வதால், அது உட்பகை தணிக்கும் அரசியல் முடிவாகவும் தோன்றுகிறது.

எனினும் செப்பேடும் நடுநிலைச் சான்றன்று. அருண்மொழியின் மகன் அவையில் எழுந்த புகழுரை அது. ஆகவே மூலநூலுக்கு உண்மையாயிருத்தலும் வரலாற்றுக்கு உண்மையாயிருத்தலும் வெவ்வேறு அளவுகோல்கள். வகுப்பறையில் புதினத்தையும் படத்தையும் ஒருங்கே பயன்படுத்துவோர் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுதல் இன்றியமையாதது.