செருப்புத் தோலும் பிரேக் தூசியும்

1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் அழைத்துக்கொண்டு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து கிளம்பினார் பெர்த்தா பென்ஸ். ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இறக்கங்களில் மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. வழியில் செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் நிறுத்தி, கட்டைமேல் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். பிரேக் லைனிங் பிறந்த கதையாக இதைத்தான் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்தது வேறு விஷயம். அந்த ரிப்பேருக்கு யோசனை சொன்னவர் மெக்கானிக் இல்லை, வண்டியை ஓட்டிவந்தவர்.

என் காரின் பிரேக்கை நானே வீட்டு வாசலில் மாற்றுவதால், இந்த வரலாறு எனக்குச் சொந்த விஷயம் மாதிரி. பிரேக் என்பதே தேய்வதற்காகச் செய்த பொருள். வண்டியின் வேகம் உராய்வில் சூடாக மாறுகிறது, லைனிங் தூளாக உதிர்கிறது. வேகம் கூடினால் தோல் கருகும். 1897இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் வேறு லைனிங் தேடினார். மலைச்சரிவில் குதிரைவண்டிக்காரர்கள் பிரேக்கில் பழைய பூட்ஸைச் சொருகுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். அவர் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனம் 1908இல் அஸ்பெஸ்டாஸுக்கு மாறியது. எவ்வளவு சூட்டுக்கும் கருகாத நார். பிரச்சினை தீர்ந்தது என்றே எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

ஆனால் அந்த நார் நுரையீரலுக்குள் போனாலும் அழியாது. அஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளர்களின் நோயைப் பற்றி 1930இலேயே பிரிட்டனில் அரசு அறிக்கை வந்தது. 1931இல் ஆலைகளுக்கு விதிகளும் வந்தன. வாசலில் குந்தி உட்கார்ந்து டிரம்மைக் கழற்றுகிறவனுக்கு யார் விதி போடுவது? டிரம்முக்குள் சேர்ந்த தூசியை ஊதித் தள்ளுறதுதான் வழக்கம். அந்தத் தூசி தரும் புற்றுநோய் இருபது, நாற்பது வருஷம் கழித்துத் தலைகாட்டும். அதனால் ஊதியதையும் இருமலையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1986இல் மெக்கானிக்குகளுக்கு எச்சரிக்கைக் கையேடு வெளியிட்டது. 1989இல் அது கொண்டுவந்த தடையின் பெரும்பகுதியை 1991இல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020இல்தான், வீட்டில் தானே பிரேக் மாற்றுகிறவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து உண்டு என்று அந்த முகமை முடிவாகச் சொன்னது. கடையில் விற்கும் அஸ்பெஸ்டாஸ் லைனிங்குக்கு 2024இல் தடை வந்தது.

பக்கத்தில் நிற்பவர் என்றால் யார்? டார்ச் பிடிக்கிற பிள்ளை. அந்த அழுக்குச் சட்டையைத் துவைக்கிற ஆள்.

பழைய வண்டியில், பெயர் தெரியாத லைனிங்கில் என்ன இருக்கிறது என்பது பார்த்தால் தெரியாது. அதனால் எனக்கு ஒரே விதி: ஊதக்கூடாது, பெருக்கக்கூடாது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட வேண்டும். பிள்ளைகள் தள்ளி நிற்கட்டும். வேலை செய்த சட்டை வீட்டுக்குள் வரக்கூடாது. நம்ம கையால் ரிப்பேர் செய்யும் சுதந்திரம் பெர்த்தா காலத்திலிருந்தே இருக்கிறது. அதன் தூசியை வீட்டில் இன்னொருத்தர் ஏன் சுவாசிக்கணும்?