திருக்கோவலூர்க் கோயில்கள் (பயணத் திட்டமிடல்)

திருக்கோவலூர் அல்லது திருக்கோவிலூர், தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ள பழமையான ஊர் ஆகும். சங்க காலத்தில் மலையமான்களின் தலைநகராக விளங்கிய இவ்வூரில் உலகளந்த பெருமாள் கோயிலும், கீழையூர்ப் பகுதியில் வீரட்டேசுவரர் கோயிலும் உள்ளன. ஆற்றினுள் கபிலர் குன்று எனப்படும் பாறை உள்ளது. கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையிலிருந்தோ கள்ளக்குறிச்சியிலிருந்தோ ஒரே நாளில் இம்மூன்றையும் பார்த்துத் திரும்ப விரும்புவோருக்கு உதவும் தகவல்களை இக்கட்டுரை தருகிறது.

பெயரும் வரலாறும்

சங்க இலக்கியங்களில் இவ்வூர் கோவல், கோவலூர் என்று குறிக்கப்படுகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான மலையமான் திருமுடிக்காரி இதனை ஆண்டான். அவனது மலை முள்ளூர். கொல்லிமலைத் தலைவன் ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரனுக்கு அளித்தவன் இவனே. பின்னர் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி கோவலூரைத் தாக்கி வென்றான். அந்த அதியமானின் பெயர் வெறும் இலக்கியப் பெயர் அன்று என்பதற்கான கல் சான்றும் இப்பகுதியிலேயே கிடைத்தது. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி வழங்கிய குகைத்தளத்தைக் குறிப்பிடுகிறது. அசோகரின் கல்வெட்டுகளில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் ஐயத்துக்கும் அதுவே விடையளித்தது.

இடைக்காலத்தில் இப்பகுதி மலாடு அல்லது மிலாடு எனப்பட்டது. மலையமான் நாடு என்பதன் மரூஉ இது. பல்லவர், இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன், சோழர் ஆகியோர் காலத்துக் கல்வெட்டுகள் இங்குள்ளன. அவற்றுள் பல, எப்பிகிராபியா இண்டிகா தொடரின் ஏழாம் தொகுதியில் வெளியாகியுள்ளன. கல்வெட்டு பார்ப்பதற்காகவே வருபவர் அந்தத் தொகுதியின் படியை உடன் எடுத்து வந்தால் பயன் மிகும்.

வீரட்டேசுவரர் கோயில்

சிவபெருமானின் எட்டு வீரச்செயல்கள் நிகழ்ந்தனவாகக் கூறப்படும் அட்ட வீரட்டானங்களுள் இது ஒன்று. அந்தகாசுரனை வதைத்த தலம் என்பது தலபுராணம். சம்பந்தரும் அப்பரும் பாடியுள்ளனர். அம்மன் பெயர் சிவானந்தவல்லி. இங்குள்ள பெரிய யானைக் கணபதியை ஔவையாரோடும் விநாயகர் அகவலோடும் தொடர்புபடுத்துவது மரபு. அறுபத்து மூவருள் ஒருவரான மெய்ப்பொருள் நாயனார் ஆண்ட ஊரும் இதுவே.

பெரும்பாலான பயணிகள் வழிபாட்டை முடித்ததும் வெளியேறிவிடுகின்றனர். அவர்கள் பார்க்காமல் விடுவது முதலாம் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு. அதில் இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, இராசராசனின் தாயும் மலையமான் குலத்தில் பிறந்தவளுமான வானவன்மாதேவி, தன் கணவன் சுந்தர சோழன் இறந்தபோது உடன் தீயில் புகுந்தாள் என்பது. மற்றொன்று, கபிலர் பாரியின் மகளை மலையனுக்கு மணமுடித்துக் கொடுத்தபின் பெண்ணையாற்றங்கரையில் தீப்புகுந்து உயிர் நீத்தார் என்பது.

இரண்டாவது செய்தி சற்று நின்று கவனிக்கத்தக்கது. கபிலர் வடக்கிருந்து, அதாவது உண்ணா நோன்பு நோற்று உயிர் நீத்தார் என்பதே பாடநூல்கள் வழியாகப் பரவலாக அறியப்பட்ட செய்தி. கல்வெட்டோ தீப்புகுந்ததாகக் கூறுகிறது. இக்கல்வெட்டு கபிலருக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிற்பட்டது. எனவே அதனை நேரடிச் சான்றாகக் கொள்ள இயலாது. எனினும் பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் இவ்வூர் மக்கள் கபிலரை எவ்வாறு நினைவில் வைத்திருந்தனர் என்பதற்கு இதனைவிட நல்ல சான்று இல்லை. பாரி மகளிரை ஔவையார் தெய்வீகன் என்பவனுக்கு மணமுடித்தார் என்று பிற்காலத்தில் வழங்கிய கதையோடு ஒப்பிட்டால், ஒரே நிகழ்ச்சி எத்தனை வடிவம் எடுத்துள்ளது என்பது விளங்கும்.

கபிலர் குன்று

ஆற்றினுள் தனித்து நிற்கும் பாறையும் அதன்மேல் உள்ள சிறு சிவன் கோயிலும் கபிலர் குன்று எனப்படுகின்றன. வீரட்டேசுவரர் கோயிலிலிருந்து நடந்தே செல்லலாம். பார்க்க அரைமணி நேரம் போதும். ஆனால் அந்த அரைமணி நேரம் கிடைக்குமா என்பதை ஆறே முடிவு செய்யும். கோடையில் மணலாகக் கிடக்கும் தென்பெண்ணை, சாத்தனூர் அணை திறக்கப்படும்போது சில மணி நேரங்களில் கரை புரள்கிறது. 2024 நவம்பர் இறுதியில் கரை கடந்த பெஞ்சல் புயலின் மழையால், டிசம்பர் 2 அன்று அணையிலிருந்து நொடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டு, ஆற்றோர ஊர்கள் வெள்ளத்தில் மூழ்கின. ஐப்பசி முதல் மார்கழி வரை வருபவர்கள் அணையின் நீர் வெளியேற்ற அறிவிப்பைப் பார்க்காமல் ஆற்றுப்படுகையில் இறங்கக் கூடாது. மேலே வானம் தெளிவாக இருப்பது பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது. மழை கிருட்டிணகிரியிலும் தருமபுரியிலும் பெய்திருக்கலாம்.

எகிப்தின் அபு சிம்பெல் கோயில்கள் அசுவான் உயர் அணையின் நீரில் மூழ்காதிருக்க, 1964 முதல் 1968 வரை பாறை பாறையாக வெட்டியெடுக்கப்பட்டு ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தப்பட்டன. அங்கு அணை கோயிலின் இடத்தை மாற்றியது. இங்கு குன்று பழைய இடத்திலேயே இருக்கிறது. அணை மாற்றியிருப்பது அதனிடம் செல்லும் நேரத்தை மட்டுமே.

உலகளந்த பெருமாள் கோயில்

நூற்றெட்டுத் திவ்விய தேசங்களுள் நடுநாட்டில் உள்ளவை இரண்டே. ஒன்று திருவகீந்திரபுரம், மற்றொன்று இது. மூலவர் திரிவிக்கிரமர், ஓரடியை உயரத் தூக்கிய பேருருவம். சங்கு வலக்கையிலும் சக்கரம் இடக்கையிலும் இருப்பது வழக்கத்துக்கு மாறானது. தாயார் பூங்கோவல் நாச்சியார். பஞ்ச கிருட்டிணத் தலங்களுள் ஒன்றாகவும் எண்ணப்படுவதால் கண்ணனுக்குத் தனிச் சன்னதி உண்டு. பெருமாள் கோயிலினுள் துர்க்கைக்குச் சன்னதி இருப்பதையும் காணலாம். 11 நிலைகளைக் கொண்ட இராசகோபுரத்தின் உயரம் 192 அடி எனக் குறிப்பிடப்படுகிறது.

பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் ஆகிய மூவரும் ஒரு மழை இரவில் இவ்வூரில் ஓர் இடைகழியில் சந்தித்தனர் என்பது வைணவ மரபு. இடைகழி என்பது வீட்டின் தெருவாயிலுக்கும் உள்வாயிலுக்கும் இடைப்பட்ட ஒடுக்கமான வழி. இன்றைய பேச்சு வழக்கில் ரேழி. ஒருவர் படுக்கவும் இருவர் அமரவும் மூவர் நிற்கவும் மட்டுமே அங்கு இடம் இருந்தது. நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்து, அவர் யாரென அறிய முற்பட்டபோது மூன்று திருவந்தாதிகள் பிறந்தன என்பர். கல்வெட்டுகளில் இறைவன் பெயர் திருவிடைக்கழி ஆழ்வார் என்றே வருகிறது. இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் நடுவில், மிலாட்டுத் தலைவன் நரசிங்கவர்மன் இக்கருவறையைக் கருங்கல்லால் புதுப்பித்தான். எனவே இடைகழிக் கதை பிற்காலத்தில் எழுந்தது என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

செல்லும் வழியும் நேரமும்

வெள்ளிமலையிலிருந்து வருபவர்கள் மலைப்பாதையில் கள்ளக்குறிச்சிக்கு இறங்கிப் பேருந்து மாற வேண்டும். விடியற்காலையில் புறப்படுவதே நல்லது. திரும்பும்போது மலைக்குச் செல்லும் கடைசிப் பேருந்தின் நேரத்தைக் காலையிலேயே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். இதனை மறந்தால் மற்ற திட்டம் எல்லாம் வீண். திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ., விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவு. விழுப்புரம்–காட்பாடி தடத்தில் உள்ள திருக்கோவிலூர் தொடருந்து நிலையம் ஊருக்குள் இல்லை. ஆற்றின் வடகரையில் அரகண்டநல்லூர்ப் பக்கத்தில் உள்ளது.

எகிப்தின் எட்பு, கர்னாக் போன்ற கோயில்களில் வழிபாடு நின்று பல நூற்றாண்டுகள் ஆகின்றன. அங்கு நுழைவுச்சீட்டு வாங்கினால் காலை முதல் மாலை வரை கருவறை உட்பட எங்கும் உலவலாம். எட்பு கோயிலை 1860களில் மணலுக்கடியிலிருந்து மரியெட் என்ற பிரெஞ்சு அறிஞர் வெளிக்கொணர்ந்தார். மணல் மூடியிருந்ததே அதன் எழுத்துகளைக் காத்தது. திருக்கோவலூரில் நிலைமை வேறு. கோயில்கள் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலையில் மீண்டும் திறக்கப்படுகின்றன. கருவறையில் ஒளிப்படம் எடுக்க இயலாது. சுவர்களில் எழுத்துகள் நாள்தோறும் எண்ணெய், விபூதி, சுண்ணாம்பு ஆகியவற்றுக்கு நடுவே பிழைத்திருக்கின்றன. தமிழ்நாட்டில் பல கோயில்களில் திருப்பணியின்போது மணல் வீச்சு முறையில் கல் சுத்தம் செய்யப்பட்டு எழுத்துகள் தேய்ந்துபோயின. கல்வெட்டுகளின் மீது சாக்கட்டி, மாவு முதலியன பூசிப் படிக்க முயல்வதும் தீங்கானதே. காலையிலோ மாலையிலோ சாய்ந்து விழும் வெயிலில் எழுத்துகள் தாமாகவே தெரியும். வெயில் படாத இடங்களில் கைவிளக்கைச் சுவரையொட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் போதும்.

ஆகவே முதலில் கீழையூர் வீரட்டம், அடுத்துக் கபிலர் குன்று, நடை சாத்துவதற்கு முன் உலகளந்த பெருமாள் கோயில் என்ற வரிசை பொருத்தமானது. நண்பகல் இடைவேளையில் ஆற்றைக் கடந்து அரகண்டநல்லூர் செல்லலாம். அங்குள்ள ஒப்பிலாமணீசுவரர் கோயில் பாறைமேல் அமைந்தது; சம்பந்தர் இங்கிருந்தே அண்ணாமலையைக் கண்டு பாடினார் என்பர். நடை சாத்தியிருந்தாலும் பாறையிலிருந்து ஆறும் ஊரும் நன்கு தெரியும்.

வைகுண்ட ஏகாதசியன்றும் பங்குனிப் பெருவிழா நாள்களிலும் பெருமாள் கோயிலில் கூட்டம் மிகுதி. தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவின்போது சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தென்பெண்ணைக்கு எழுந்தருளும். கல்வெட்டு பார்க்க வருபவர்கள் இந்நாள்களைத் தவிர்க்கலாம். திருவிழா பார்க்க வருபவர்களுக்கு ஆற்று மணலில் நடக்க இதைவிடச் சிறந்த நாள் இல்லை.