கார்ன்வால் பேருந்துச் சேவை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வால் கவுன்டியில் பெருநகரம் என்று ஒன்றும் இல்லை. ஏறத்தாழ 5,70,000 பேர் சிற்றூர்களிலும் மீன்பிடித் துறைகளிலும் பழைய தகரச் சுரங்கப் பகுதிகளிலும் சிதறி வாழ்கிறார்கள். மாநகரத் தகுதி பெற்ற ஒரே ஊரான ட்ரூரோவும் சிறிய ஊர்தான். இங்கே பேருந்து ஓட்டுவதற்கான செலவை ஒவ்வொரு காலத்திலும் யார் ஏற்றார்கள் என்பதே இச்சேவையின் வரலாறு.

தொடங்கி வைத்தது ஒரு ரயில் நிறுவனம். ஹெல்ஸ்டன் வரை 1887இல் ரயில் வந்துவிட்டது. அங்கிருந்து பிரிட்டன் பெருநிலத்தின் தென்கோடியான லிசார்டுக்குப் பாதையை நீட்டச் சுமார் 85,000 பவுண்டு ஆகும் என்று கணக்கிட்டார்கள். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே அந்தப் பணத்தைப் போடத் தயங்கி, மோட்டார் பேருந்தை விட்டுப் பார்க்கலாம் என்று முடிவு செய்தது. பக்கத்து டெவன் கவுன்டியில் மணிக்கு 8 மைலுக்கு மேல் வேகமாக ஓட்டியதாக வழக்கில் சிக்கி, உரிமையாளர்கள் கைவிட்ட இரண்டு மில்ன்ஸ்-டெய்ம்லர் வண்டிகள் விலைக்கு வந்தன. அவற்றைக் கொண்டு 1903 ஆகஸ்ட் 17 அன்று ஹெல்ஸ்டன்–லிசார்ட் தடம் தொடங்கியது. பிரிட்டனில் ரயில் நிறுவனம் ஒன்று நடத்தி நிலைத்த முதல் மோட்டார் பேருந்துத் தடமாக இதையே குறிப்பிடுவார்கள். அடுத்த ஆண்டு பென்சான்ஸிலிருந்து லாண்ட்ஸ் எண்டுக்கும் வண்டி விட்டார்கள். ஹெல்ஸ்டன் கிளைப் பாதையில் பயணிகள் ரயில் 1962 நவம்பரில் நின்றுபோனது. ரயிலுக்கு மாற்றாக வந்த பேருந்தோ நிலைத்துவிட்டது.

ரயில்வேயின் பேருந்துகள் 1929இல் உருவான வெஸ்டர்ன் நேஷனல் நிறுவனத்திடம் சென்றன. 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் உரிமம் இல்லாமல் யாரும் தடத்தில் இறங்க முடியாதபடி செய்தது. போட்டி குறைந்ததால் கூட்டம் நிறைந்த தடத்தின் வருமானம் ஆளில்லாத தடத்தைத் தாங்கியது. கோடையில் கடற்கரைக்கு வரும் சுற்றுலாப் பயணிகளின் கட்டணம் குளிர்கால வண்டிகளுக்கு உதவியது. குறைகள் இருந்தாலும் கிராமங்களுக்கு இது நல்ல ஏற்பாடு. 1948இல் நிறுவனம் அரசுடைமையானது.

கார்ன்வாலின் கிளைச் சாலைகள் பேருந்துக்காகப் போட்டவை அல்ல. இருபுறமும் கல் அடுக்கி மண் நிரப்பிய கரைகள் வண்டியின் ஜன்னல் உயரத்துக்கு நிற்கும். அவற்றின்மேல் செடிகொடிகள் அடர்ந்திருக்கும். எதிரே டிராக்டர் வந்தால் இரண்டில் ஒன்று அகலமான இடம் வரை ரிவர்ஸ் எடுத்தே ஆக வேண்டும். இத்தகைய சாலைகளுக்கென்றே ஏழரை அடி அகலத்தில், எடை குறைவாக, 1960 முதல் பிரிஸ்டல் எஸ்யூ என்ற சேசிஸ் கட்டப்பட்டது. அதை அதிகம் வாங்கியவை வெஸ்டர்ன் நேஷனலும் அதன் சகோதர நிறுவனமான சதர்ன் நேஷனலும்தான்.

வீட்டுக்கு வீடு கார் வந்ததும் பழைய கணக்கு உடைந்தது. நட்டத் தடங்களுக்கு உள்ளாட்சிகள் மானியம் தர 1968ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. 1986 அக்டோபர் 26 அன்று லண்டனுக்கு வெளியே உரிமக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. லாபத் தடத்தில் யார் வேண்டுமானாலும் வண்டி விடலாம். எஞ்சியவற்றுக்கு உள்ளாட்சிக் கவுன்சில் டெண்டர் விட வேண்டும். ஒரு தடம் மற்றொன்றைத் தாங்கும் வழியை இந்த மாற்றம் அறுத்தது. கிராமத்தாருக்கு இழைத்த பெரிய தீங்கு அது. மறு ஆண்டு வெஸ்டர்ன் நேஷனலும் தனியாருக்கு விற்கப்பட்டது. பின்னர் ஃபர்ஸ்ட் குழுமத்தில் சேர்ந்தது.

நியூகீ பக்கத்தில் 1990களின் இறுதியில் முளைத்த வெஸ்டர்ன் கிரேஹவுண்ட், சிறிய மெர்சிடிஸ் வண்டிகளோடு ஊர் ஊராகப் பரவியது. 2013 மே மாதம் அதன் டிப்போவில் மூண்ட தீயில் முப்பதுக்கும் மேற்பட்ட பேருந்துகள் எரிந்தன. 2015 மார்ச்சில் நிறுவனம் மூடப்பட்டது. கவுன்சில் அவசரமாக வேறு ஆட்களைத் தேட வேண்டியிருந்தது.

அதே ஆண்டு ஜூலையில் மத்திய அரசு கார்ன்வாலுடன் அதிகாரப் பகிர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. பேருந்துகளை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் அதில் அடங்கும். மானியத் தடங்களைத் தனித்தனியாக ஏலம் விடாமல் எட்டு ஆண்டுக்கு ஒரே ஒப்பந்தமாகக் கொடுத்தார்கள். அதைப் பெற்ற கோ கார்ன்வால் பஸ் நிறுவனம் 2020 மார்ச் 30 அன்று சேவையைத் தொடங்கியபோது, கொரோனா ஊரடங்கு வந்து ஒரு வாரமே ஆகியிருந்தது. 2022 ஏப்ரலில் அரசு நிதியுடன் கட்டணக் குறைப்புச் சோதனை தொடங்கியது. இங்கிலாந்து முழுவதற்குமான 2 பவுண்டு உச்சவரம்பு 2023 ஜனவரியில்தான் வந்தது. 2025இல் அது 3 பவுண்டாக உயர்ந்தது.