பிரெஞ்சு அச்சோவியமும் தமிழ் ஆடல் மகளிரும்

திருப்பதியிலும் சித்தூரிலும் இல்லந்தோறும் சுவரை அணிசெய்த திருவேங்கடவன் படங்களுக்கு மூத்தது கல்லச்சுக் கலை. செனஃபெல்டர் என்னும் செருமானியர் 1796-ஆம் ஆண்டளவில் கண்ட அம்முறைகொண்டு ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் நிறுவித் தெய்வப் படங்களைப் பரப்பினார். பாரிசு நகரத்தாரோ, அதற்கு அறுபதாண்டு முன்னரே, தம் பாலே அரங்கின் ஆடல் நங்கையரை அக்கல்லில் தெய்வமாக்கிவிட்டனர்.

அவருள் தலையாயவர் மேரி தாலியோனி. வெண்ணிற மென்துகிலுடுத்துக் கால்விரல் நுனியில் நிற்கும் அவர் உருவைப் பலர் வரைந்து அச்சிட்டனர். 1830-இல் அவர் ஏற்ற வேடமொன்று நம் கருத்துக்குரியது. அது 'பயாதேர்', அஃதாவது இந்தியத் தேவதாசி! போர்த்துகீசியச் சொல்லின் திரிபு அப்பெயர்.

எட்டாண்டு கழித்து உண்மைத் தேவதாசியரே பாரிசுக்குச் சென்றனர். கடலூரையடுத்த திருவயிந்திபுரத்தைச் சார்ந்தோர் எனப்படும் ஐந்து பெண்களும் இசைவாணர் மூவரும் 1838-இல் ஆங்கே ஆடிப் பின் இலண்டனும் ஏகினர். முதியவர் தில்லம்மாள், இளையவள் ஆறு வயதுச் சிறுமி. பிரெஞ்சு ஏடுகளில் அவர்தம் பெயர்கள் பட்ட பாடு பெரிது. 'சவுந்திரூன்' என்பதைச் சௌந்தரம் என்றே கொள்ளலாம். கோப்புகளில் பெயர்த்திரிபு கண்டு பழகிய நமக்கு இது வியப்பன்று. 'தெவெநெயகோர்ன்' எனக் குறிக்கப்பெற்றவர் தேவநாயகமாதல் வேண்டும். திருவயிந்திபுரத்துப் பெருமான் தெய்வநாயகன் அன்றோ!

துகில் பறக்கும் தேவதையைப் படத்திற் கண்டு பழகிய கண்கள் சில, மண்ணில் ஊன்றி ஆடும் பாதங்களைக் கண்டு ஏமாற்றமுற்றன. கவிஞர் கோத்தியே மட்டும் அமனி என்பாளின் ஆட்டத்தில் உள்ளம் தோய்ந்து விரிவாக எழுதினார். தாலியோனியைச் சிலையாக வடித்த பார் என்னும் சிற்பியே, அமனியையும் அதே ஆண்டில் வெண்கலத்தில் வார்த்தார்.

கல்லச்சின் பொய்த்திரையை விலக்கியவர் தெகா. 1870-களின் இடைப்பகுதியில், தகட்டில் மைதீட்டி ஒற்றியெடுக்கும் முறையில் அவர் ஆக்கிய படங்களில் பாலே ஆசானும் உண்டு, அரங்கின் பின்னே மகளிரைச் சூழும் கருஞ்சட்டைச் செல்வரும் உண்டு. ஏழைச் சிறுமியர் பலர் அச்செல்வரின் தயவை நாடி வாழ நேர்ந்தது. அலேவி என்பாரின் கதைகளுக்கென ஆக்கிய அப்படங்கள், தெகா மறைந்து நெடுநாள் சென்று 1938-இலேயே நூலேறின.

தேவதாசி முறையை இழித்துரைத்த மேனாட்டார் தம் அரங்கின் பின்வாயிலை ஏனோ நோக்கவில்லை. பொட்டுக்கட்டுதலைத் தடுத்த 1947-ஆம் ஆண்டுச் சட்டம், அந்நாளில் சென்னை மாகாணத்ததாயிருந்த நம் சித்தூர் மாவட்டத்திற்கும் உரியதாயிற்று. அமனி பிறந்த குலத்தின் ஆடலோ, அதற்குள் பரதநாட்டியம் என்னும் பெயருடன் வேறு இல்லங்களுக்குக் குடிபுகுந்திருந்தது.