டிரம்ஸுக்குப் பின்னால் இருந்த குரல்

புராக்ரசிவ் ராக் இசையின் தலைசிறந்த பாடகர் யார்? கேட்டாலே ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள், அதுவும் ஒரே குழுவின் இரு பாடகர்களுக்காக!

இங்கிலாந்தின் ஜெனிசிஸ் குழுவில் பீட்டர் கேப்ரியல் பாடினால் அது நாடகமும்கூட. நரித்தலை, பூ வேடம் என்று போட்டு, பாத்திரத்துக்கு ஏற்பக் குரலை மாற்றுவார். 1975-ல் அவர் விலகியதும் குழுவின் கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். புதுப் பாடகருக்காகப் பலரைப் பாடவைத்துப் பார்த்தும் யாரும் சரிப்படவில்லை. கடைசியில் டிரம்ஸ் வாசித்துவந்த பில் காலின்ஸே பாடினார். 1976-ல் வந்த 'எ டிரிக் ஆஃப் தி டெயில்' பிரிட்டனில் 3-ஆம் இடத்தைப் பிடித்தது!

சண்டை போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கேப்ரியல் காலத்து இசைத்தட்டுகளிலேயே பின்குரல் காலின்ஸுடையதுதான். 1971, 1973 ஆல்பங்களில் தலா ஒரு பாட்டை அவரே பாடியும் இருக்கிறார். தேடிய குரல் அங்கேயேதான் இருந்தது. இனி யார் பெரியவர் என்று நீங்களே சொல்லுங்கள்...