கடல் தீட்டா?

மன்னார்புரத்திலிருந்து உறையூர் நெடுந்தொலைவன்று. திருச்சி நகரின் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் செல்லும் வழிதான். உறையூரிலிருந்து உரோமாபுரிதான் நெடுந்தொலைவு! அந்தத் தொலைவிலும் தன் பெயரை ஒலிக்கச் செய்தது இவ்வூர்த் தறியிலே நெய்த துணி. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்கமொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்புளூஸ்’ எனும் கடல்வழி நூல், ‘அர்கரு’ என்ற உள்நாட்டு ஊரின் மெல்லிய துகிலைக் குறிக்கிறது. அந்த அர்கரு, உறையூரே என்பர் அறிஞர் பலர். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தபோது, சாயத்தொட்டி என்று கருதப்படும் செங்கற்கட்டும் வெளிப்பட்டது.

தோழரே, உறையூரிலிருந்து காவிரியின் கரையோடு கிழக்கே சென்று பாரும். கும்பகோணம் கடந்து, மயிலாடுதுறை கடந்து, ஆறு கடலைத் தழுவும் இடத்தில் பூம்புகார் இருக்கிறது. இன்று அது மீனவர் வாழும் சிற்றூர். மணலிலே படகுகள், வலைகள், உலரும் மீன்கள். முன்னாளிலோ அது காவிரிப்பூம்பட்டினம்! கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி, ‘கபேரிஸ்’ என்று இதனை வணிகப் பட்டினங்களுள் ஒன்றாக எழுதினார். கடல்வழி வந்த குதிரையையும், வண்டியில் வந்த மிளகையும், பல மொழியினர் கலந்து இனிது வாழ்ந்ததையும் பட்டினப்பாலை பாடுகிறது. யவனர் இருப்பிடத்தைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது.

புலவரின் கற்பனை என்று புன்னகை செய்வோர்க்கு மண்ணே மறுமொழி கூறிற்று. 1962–63-ல் தொல்லியல் துறையினர் அருகிலுள்ள கீழையூரில் அகழ்ந்தபோது, படகுகள் அணையும் செங்கல் துறை கிடைத்தது. 1945-ல் அரிக்கமேட்டிலே வீலர் அகழ்ந்தபோது இத்தாலி நாட்டு மட்கலங்களே கிடைத்தன.

யவனர் வந்தனர்; நம்மவர் வீட்டுத் திண்ணையிலே வீற்றிருந்தனரோ? இல்லை! எகிப்து நாட்டின் செங்கடற்கரையில், குசேர் அல்-காதிம் என்னுமிடத்தில், ‘கணன்’, ‘சாதன்’ என்று தமிழ் எழுத்தில் பெயர் பொறித்த பானை ஓடுகள் கிடைத்துள்ளன. அக்கரையிறங்கிய பண்டம் ஒட்டகத்தின் முதுகேறி நைல் ஆற்றை அடையும். ஆற்றுவழி அலெக்சாந்திரியா சேரும். அங்கிருந்து மத்தியதரைக் கடலில் மிதந்து இத்தாலி செல்லும். ஆண்டுதோறும் இந்தியாவுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் போகிறதே என்று உரோமானிய அறிஞர் பிளினி புலம்பினார்.

இப்படி வாழ்வளித்த கடலைத் தீட்டு என்றது எது? சாத்திரம்! கடற்செலவைச் சாதியிலிருந்து வீழ்த்தும் குற்றங்களுள் ஒன்றாக வைத்தது பௌதாயன தர்ம சூத்திரம். கழுவாயாக மூன்றாண்டு நோன்பும் விதித்தது. மனுவோ, கடலோடியைச் சிரார்த்த விருந்துக்கு ஆகாதவர் பட்டியலில் சேர்த்தது. பார்ப்பனருக்கென்று எழுதப்பட்ட இத்தடை, உயர்வு நாடிய பிற சாதியாரிடமும் பரவிற்று. 1888-ல் இங்கிலாந்து சென்று படிக்கப் புறப்பட்ட காந்தியாரைப் பம்பாயில் அவருடைய பனியா சாதியார் விலக்கி வைத்தனர்.

தொலைவில் ஏன் தேடவேண்டும்? கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை இராமானுசனைக் கேம்பிரிட்ஜ் அழைத்தபோது, குறுக்கே நின்றது கணக்கன்று, கடல்! தயக்கம் தீர்ந்து 1914 மார்ச் 17-ல்தான் அவர் சென்னையில் கப்பலேறினார். காவிரி கடலிலே கலக்கலாம். காவிரிக்கரைப் பிள்ளை கடல் கடக்கலாகாதாம்! ஆனால் 1025-ல் கடாரத்தின்மீது கப்பற்படை செலுத்திய இராசேந்திர சோழனை எந்தச் சாத்திரம் சாதி நீக்கியது? வாளேந்திய மன்னனிடம் வாய்மூடிய விதி, ஏடேந்திய மாணவனிடம் எகிறிக் குதித்தது.

அச்சத்துக்கு மற்றொரு கதையும் துணை நின்றது. இந்திரவிழா நின்றதால் புகாரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. 2004 டிசம்பர் 26-ல் இதே கரையிலே கடல் பாய்ந்தது. சுமத்ராவை அடுத்த கடலடியில் நிலம் அதிர்ந்ததே அதற்குக் காரணம். எந்த விழாவும் நின்றதன்று. காரணம் தெரிந்ததால்தான் 2007-ல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் எழுந்தது. விழா எடுப்பதால் உயிர் காக்கப்படாது, விஞ்ஞானத்தால் காக்கப்படும்.

காற்றின் போக்கும், விண்மீனின் நிலையும், நீரோட்டத்தின் திசையும் படித்தவர் அந்த மணலில் வலை பின்னும் மீனவர். அவருடைய ‘கட்டுமரம்’ என்ற சொல்லை ஆங்கிலம் கடன் வாங்கிக்கொண்டது. உலகம் அதனை உச்சரிக்கிறது. அச்சொல்லைத் தந்தவரையோ நம் சமுதாயம் தாழ்ந்த படியிலே நிறுத்திற்று. கடலை அறிந்தவன் கீழ்; கடலுக்கு அஞ்சியவன் மேல்! இதுவோ நீதி?

பூம்புகாருக்குச் செல்லுங்கள், இளைஞர்களே! பழம்பெருமை பேசிக் கண்ணீர் சிந்துவதற்காக அன்று. அந்த மீனவரின் மகளும் மகனும் கடலியலும் கப்பற்கலையும் கற்கும் கல்லூரிவரை செல்வதற்கு என்ன தடை என்று கேட்டறிவதற்காகச் செல்லுங்கள். அறிந்த தடையை அகற்றப் பாடுபடுங்கள். கடலிலே தீட்டில்லை, தீட்டு என்று சொன்ன ஏட்டிலேதான் இருக்கிறது!